காசித்தும்பை சுற்றிய பேப்பர்

“அண்ணா, இந்தச் செடியச் சுத்தியிருந்த பேப்பர் எங்க?”

ஆராய்ச்சி மாணவி ஹேமலதா கேட்டதும் தனிஸ்லாஸின் கையில் இருந்த பசைத் தூரிகை அப்படியே நின்றுவிட்டது.

புதுச்சேரிக் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் அந்தப் பழைய கட்டடத்தில், காய்ந்த செடிகளை அட்டையில் ஒட்டுவதுதான் அவர் வேலை. இருபத்தெட்டு வருஷமாக ஒட்டுகிறார். எந்தெந்த மலையிலிருந்தோ வந்த செடியெல்லாம் அவர் கை பட்டிருக்கிறது. அவர் ஏறிய ஒரே உயரம் கலங்கரை விளக்கம்.

மேசையில் கிடந்தது ஒரு காசித்தும்பை. வீட்டுத் தொட்டியில் பூக்கிற ஜாதி இல்லை. மலை உச்சியில், மேகம் நனைத்த பாறையில், விரல் உயரமே வளர்வது.

இந்த மலைக் காசித்தும்பைகளுக்குக் குளிர் இருந்தால்தான் பிழைப்பு. ஓர் உச்சியிலிருந்து அடுத்த உச்சிக்குப் போக, நடுவில் கிடக்கும் சூடான பள்ளத்தாக்கைத் தாண்ட முடியாது. தனியாகக் கிடந்து கிடந்து, லட்சக்கணக்கான வருஷத்தில் உச்சிக்கு ஒரு முகமாகிவிட்டன, கட்டிக்கொடுத்த ஊரிலேயே தங்கிப்போன அக்கா தங்கைகள் மாதிரி. எந்த உச்சியில் பறித்தது என்று தெரியாவிட்டால் இந்த அட்டை வெறும் சருகுதான்.

அதுதான் தெரியவில்லை. விவரச் சீட்டைப் பூச்சி தின்றுவிட்டது. பறித்த விஜயராகவன் சார் போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிறது. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்பு பறித்து, செய்தித்தாளில் வைத்து அழுத்திக் கட்டிப் போட்ட செடி, போன மாதம்தான் ஒட்டுவதற்கு வந்தது.

ஆனால் அந்த மனுஷருக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. மலையில் நிற்கும்போதே பேப்பரின் மூலையில் இடத்தையும் உயரத்தையும் பென்சிலால் குறித்துவிடுவார்.

மூன்று மணிக்கு அதிகாரிகளோடு ஆன்லைனில் கூட்டம். தேன்கூட்டு முடி என்ற உச்சியை மட்டப்படுத்தி, கார் நிறுத்த இடமும் வேடிக்கை பார்க்கக் கோபுரமும் கட்டப் போகிறார்கள். வேறெங்கும் இல்லாத இந்தச் செடி அங்கே பறித்ததுதான் என்று காட்டினால் வேலையை நிறுத்தி வைப்பார்களாம்.

இப்போது மணி இரண்டே முக்கால்.

பேப்பர் எங்கே என்று தனிஸ்லாஸுக்குத் தெரியும். முத்தியால்பேட்டையில், அவர் வீட்டு பீரோவில், கல்யாணக் கோட்டுக்கு அடியில் இருக்கிறது.

போன மாதம் செடியை எடுத்துவிட்டுப் பேப்பரைப் பிரித்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு! அவர் எழுதிய அதே வருஷம், அதே புதுச்சேரி. பாஸானவர்களின் நம்பர்கள் பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாக. தன் நம்பரைத் தேடினார். முந்தின நம்பர் இருந்தது, பிந்தின நம்பர் இருந்தது. தெரிந்த சங்கதிதான். அந்த இடைவெளியில் தன்னையறியாமல் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டார்.

கணக்கில் கோட்டை விட்டு, அக்டோபரில் மறுபடி எழுதித் தேறியவர் அவர். வீட்டில் சொல்லி வைத்திருப்பது வேறு. கல்யாணமான புதிதில் மனைவி லூர்துசெல்வி, “நான் பத்தாவது ஒரே அட்டெம்ப்ட்” என்றாள். அவளும் அதே வருஷம் எழுதியவள்தான். இவரால் சும்மா இருக்க முடியுமா? “நான் மட்டும் என்னவாம்?” என்றார். கல்லூரியில் இரண்டு அரியர் வைத்திருக்கும் மகள் மெரினை இன்றைக்கும் இரண்டு பேரும் சேர்ந்து அந்த ஒரே அட்டெம்ப்ட்டை வைத்தே வறுத்தெடுக்கிறார்கள்.

கொளுத்தத்தான் கொண்டுபோனார். மூலையில் சாரின் கையெழுத்தைப் பார்த்ததும் தீக்குச்சியை உரச மனசு வரவில்லை. திருப்பிக் கொண்டுவரத் தைரியமும் வரவில்லை.

வீட்டுக்குப் போய்வர அரை மணியாகும். லூர்துவிடம் சொன்னால் ஐந்து நிமிஷம். ஆனால் எடுக்கிறவள் படிக்காமல் விடுவாளா? முப்பது வருஷ மானம் கப்பலேறிவிடும்.

“கிடைக்கலன்னா பரவால்லண்ணா,” என்று ஹேமலதா சொன்னாள். நான்கு வருஷம் அந்த உச்சிக்காக அலைந்த பெண். கண் கலங்கியிருந்ததை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாதாவே, நீதான் துணை என்று தனிஸ்லாஸ் போனை எடுத்தார்.

“லூர்து, பீரோல என் கோட்டுக்கு அடியில ஒரு பழைய பேப்பர் இருக்கு. மூலையில பென்சில்ல எழுதியிருக்கும். அத மட்டும் போட்டோ புடிச்சு அனுப்பு. வேற எதையும் பாக்காத, சொல்லிட்டேன்!”

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

படம் வந்தது. ஹேமலதா பெரிதாக்கிப் பார்த்தாள். தேன்கூட்டு முடி, 2410 மீட்டர், ஈரப்பாறை. அவள் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். படத்தைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டு கூட்டத்துக்கு ஓடினாள்.

தனிஸ்லாஸ் தனியாக உட்கார்ந்திருந்தார். லூர்துவிடமிருந்து சத்தமே இல்லை. அவள் திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

நாலு மணிக்கு ஹேமலதா குதித்துக்கொண்டு வந்தாள். வேலையை நிறுத்திவிட்டார்கள். மழைக்காலத்தில் உச்சிக்குப் போய்ச் செடியைத் தேடப் போகிறார்கள், அவரும் கூட வர வேண்டுமாம்!

அவர் வாயைத் திறப்பதற்குள் போன் சிணுங்கியது. இன்னொரு படம். அவர் இழுத்த கோடு, பக்கத்தில் லூர்துவின் விரல். கீழே ஒரு குரல் செய்தி.

பதற்றத்தில் சத்தத்தைக் குறைக்க மறந்து அழுத்திவிட்டார். கூடம் முழுக்கக் கேட்டது.

“உங்க நம்பர மட்டும்தான் தேடுனீங்களா? அஞ்சாவது வரிசைக்கு வாங்க. எழுபத்தொண்ணுக்கு அப்புறம் எழுபத்திமூணு இருக்குதா? நடுவுல காணாமப்போனது நான்தான். மெரின்கிட்ட மூச்சு விட்டீங்க, அவ்ளோதான்!”