துரு ஏறாத கண்ணாடி

ஆயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய்.

இசக்கிராஜ் அவளுக்குத் தர வேண்டியது. வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது.

அவள் வேலை செய்யும் அதே உப்பளத்தில் உப்பு வாருகிறவன்தான். வரப்பில் எதிரே வந்தாலும் முகம் பார்க்காமல் போவான். கடன் வாங்கினவன் அப்படித்தான் போவான் என்று அவளும் விட்டுவிட்டாள்.

இன்று உச்சிவெயிலில் அவனே வந்து நின்றான்.

கையில் காசு இல்லை. ஒரு கறுப்புக் கண்ணாடி.

“ஆயிரத்து நூத்தம்பது ஆச்சுக்கா. மீதி தொண்ணூறு சனிக்கிழமை தாரேன்.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏலே, வாங்கின மூணும் பத்தாதுன்னு நாலாவதா?”

அவள் வலது கண்ணில் சதை வளர்ந்து கருவிழியைத் தொட்டுவிட்டது. வெயிலை மறைக்காவிட்டால் பார்வை போய்விடும் என்று கண் முகாமில் டாக்டர் சொன்னார். மறைக்கத்தான் பார்த்தாள்.

முதல் கண்ணாடி வேர்வையில் வழுக்கி உப்புப் பாத்திக்குள் விழுந்தது. இரண்டாவது நெற்றிப்பொட்டை இறுக்கித் தலைவலி கொடுத்தது. மூன்றாவதன் கீலை ஒன்பதே நாளில் உப்புக் காற்று தின்றுவிட்டது.

“கடையில வெறுந்தலையோட போட்டுப் பாத்து வாங்குதோம். இங்க வந்து தலையில துணியக் கட்டுதோம். பெறகு எப்படி நிக்கும்? நா ஒங்களப் போலத் துணியக் கட்டிக்கிட்டே கடைக்குப் போனேன். கடைக்காரன் சிரிச்சான். சிரிக்கட்டும்னு அம்புட்டையும் போட்டுப் பாத்தேன்.”

கண்ணாடியை மடக்கி விரித்துக் காட்டினான்.

“மூணு நாளு பாத்தித் தண்ணியில ஊறப் போட்டேன். துரு ஏறல.”

வாங்கிக்கொண்டாள். தலைத்துணிக்கு மேலேயே மாட்டினாள்.

இறுக்கவில்லை.

குனிந்தாள். வழுக்கவில்லை. தலையை ஆட்டினாள். அது பாட்டுக்கு இருந்தது.

பிறகுதான் கண்ணைத் திறந்தாள். இருபத்திரண்டு வருஷமாக இடுக்கியே வைத்திருந்த கண்.

கண் கூசும் வெள்ளை தணிந்துவிட்டது.

பாத்தியில் நிறம் இருந்தது. விளிம்பில் லேசான ரோஸ். நடுவில் அவளுடைய பழைய சேலை ஒன்றின் நிறம்.

தண்ணீருக்கு மேல் என்னவோ மிதந்தது.

உட்கார்ந்து பார்த்தாள்.

சதுரம். குண்டுமணி அளவுக்குச் சின்னச் சதுரம். பக்கத்தில் இன்னொன்று. அவள் பார்க்கப் பார்க்க இரண்டும் ஒட்டிக்கொண்டன. கனம் தாங்காமல் மெல்ல உள்ளே இறங்கின.

உப்பு பிறக்கிறது.

இத்தனை வருஷம் வாரினாள், சுமந்தாள், கொட்டினாள். இது இப்படிப் பிறக்கும் என்று தெரியாது.

மூச்சு விடவும் பயமாக இருந்தது. பட்டால் கலைந்துவிடுமோ.

“எப்படிக்கா இருக்கு?”

நிமிர்ந்தாள்.

அவன் முகத்தை உச்சிவெயிலில் இப்போதுதான் முழுதாகப் பார்க்கிறாள். கண் இரண்டும் கோடாகச் சுருங்கியிருந்தன. கோட்டுக்குள் சிவப்பாகச் சதை. இரண்டு கண்ணிலும்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் நின்றிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் உட்கார்ந்தது அவனுக்குத் தெரியவில்லை.

ஒன்றரை வருஷம் வரப்பில் அவன் முகம் பார்க்காமல் போனது அவளுக்கு நினைவு வந்தது.

“ஒனக்கு எங்கல கண்ணாடி?”

“கடன் ஒங்களுக்குத்தானக்கா.”

கழற்றினாள். வெள்ளை முகத்தில் அறைந்தது. கண்ணை மூடிக்கொண்டு, தடவிப் பார்த்து அவன் காதில் மாட்டினாள். தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள்.

“கீழ பாருல.”

அவன் பாத்திமேல் குனிந்தான். உப்பு வாரும் கைப்பலகை வரப்பிலிருந்து சரிந்து விழுந்தது. எடுக்கவில்லை.

“இதுவாக்கா உப்பு?” என்றான்.

சனிக்கிழமை கூலி வாங்கியதும் தொண்ணூறு ரூபாயை நீட்டினான்.

கண்ணாடி அவள் முகத்தில் இருந்தது. அந்தக் காசை அவன் சட்டைப் பையிலேயே திணித்தாள். தன் கூலியிலிருந்தும் கொஞ்சம் திணித்தாள்.

“ஏலே, தலையில துண்டு கட்டிக்கிட்டுக் கடைக்குப் போ.”