இடது பக்கத்து எடை

"சாமி படத்துக்கு விளக்கேத்தற வீட்டுல கொலை ஆயுதமா? நீயெல்லாம் என்னடா சைவம்?"

நாகசுப்பிரமணியன் ஷூவைக்கூட கழட்டல. கராஜ் வாசல்லயே நின்னுட்டார்.

உள்ள மேஜை மேல ஒரு வேட்டை வில்லு. இந்தக் காலத்துது, ரெண்டு முனையிலயும் சக்கரம் வெச்சது. முன்னால குணசீலன், கையில ஸ்பேனரோட.

வில்லு அவரோடது இல்ல. பிரெஞ்சு பேசற பக்கத்து வீட்டு ரேஜானோடது. குளிர் ஆரம்பிக்கற நேரம் ரேஜானும் மாமனாரும் மச்சினன்களும் மான் வேட்டைக்குக் கிளம்பிடுவாங்க. போகலன்னா அந்தக் குடும்பத்துல ஆம்பளைன்னே மதிக்க மாட்டாங்களாம். ரேஜான் வில்லுக்கு ஸ்டெபிலைசர் மாட்டித் தர்றது குணசீலன். போன வருஷமும் அவர்தான்.

ஸ்டெபிலைசர்னா ஒண்ணும் இல்ல. வில்லோட கைப்பிடியில திருகற கம்பி, நுனியில எடை. அம்பை விடறப்ப வில்லு ஆடாம, சாயாம பாத்துக்கும்.

பக்கத்து வீட்டுக்காரன் கேட்டான், செஞ்சு தரேன், அவ்வளவுதான்னார் குணசீலன்.

"மான் உன்னைக் கேட்டுச்சாடா?"

குணசீலன் சிரிச்சு மழுப்பிட்டார். இன்ஜினியரிங் காலேஜ்ல ஒண்ணா படிச்சவங்க, அதனால திட்டு எல்லாம் பழகிப்போச்சு. நாகு விடல. உயிர்க்கொலை, பாவம், பசங்களுக்கு என்னடா சொல்லித் தரப்போறன்னு காபி வர்ற வரைக்கும் பேசினார்.

காபி கொண்டுவந்த குணசீலன் பொண்டாட்டி அனுசூயாதான் ஒரு விஷயத்தைச் சொன்னா. போன வருஷம் ரேஜானோட அம்பு ஒண்ணுகூட படலையாம். மச்சினன்க கேலி பண்ணித் தீத்துட்டாங்களாம்.

"ஆனா மறுநாளே மேப்பிள் சிரப் டின்னோட வந்து இவர் கையைப் பிடிச்சுக்கிட்டு மெர்சி மெர்சின்னு நிக்கறார்ண்ணா. எதுக்குன்னு கேட்டா இவர் பேச்சை மாத்திட்டார்."

நாகுவுக்கு அது மண்டையைக் குடைஞ்சுது. குறி தப்பினவன் எதுக்கு நன்றி சொல்றான்?

பால் தீர்ந்துபோச்சுன்னு குணசீலன் தெருமுனை டெப்பனர் கடைக்குக் கிளம்பினார். அனுசூயா உள்ள போயிட்டா. கராஜ்ல நாகுவும் வில்லும் மட்டும்.

நாகு விமானக் கம்பெனியில இன்ஜினியர். நாள் பூரா சுத்தற பாகங்களுக்கு பாலன்ஸ் பாக்கறதுதான் வேலை. ஒரு ஃபேன் லேசா ஆடினாலே அவருக்குத் தூக்கம் வராது.

சும்மா தூக்கிப் பாத்தார். வலது பக்கம் அம்புக்கூடு. அந்த கனத்துக்கு ஈடா இடது பக்கம் சின்னதா ஒரு எடை போதும். குணசீலன் என்னடான்னா வட்டு வட்டா அடுக்கி வெச்சிருக்கார். குறி பாக்கற இடத்துல இருந்த ரசமட்டத்துல குமிழி ஒரு ஓரமா போய் ஒட்டிக்கிச்சு. வில்லு அப்படியே இடது பக்கம் சாயுது.

இதையா ஒரு இன்ஜினியர் மாட்டினான்?

கொல்லையில அம்பு விட்டுப் பாக்க ஒரு வைக்கோல் கட்டு இருந்தது. நாகு வில்லோட அங்க போய் நாணை இழுத்துப் பாத்தார். முதல்ல ரொம்ப இறுக்கமா இருக்குது, பாதிக்கு மேல சக்கரம் பாரத்தை வாங்கிக்குது, அப்பறம் வெண்ணெய் மாதிரி நிக்குது. அடடா, என்ன டிசைன். விட்டார். அம்பு இடது பக்கம் போச்சு. இன்னொண்ணு. அதுவும் இடது பக்கம்.

இதுக்கு மேல அவரால முடியல.

மேஜை மேல கிடந்த நீளக் கம்பியை எடுத்து மாட்டிப் பாத்தார். காட்டுல கிளையில இடிக்கும், வேண்டாம்னு குட்டைக் கம்பியே போட்டார். நுனியில எடையைக் கூட்டினார். இடது பக்கத்து வட்டுகளைக் கழட்டி ஒண்ணே ஒண்ணு விட்டார். கண்ணை மூடிக்கிட்டு இழுத்து, இழுத்த நிலையிலயே கண்ணைத் திறந்தார். குமிழி நட்ட நடுவுல.

விட்டார். அம்பும் நட்ட நடுவுல.

பாலன்ஸ் பண்றதுல என்ன பாவம், அம்பை விடறவனுக்குத்தான பாவம்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டார்.

வாசல்ல லாரி ஹாரன். மச்சினன்க வண்டியில இருந்துகிட்டே அவசரப்படுத்த, ரேஜான் வந்து வில்லைக் கேட்டார். நாகு "போன்ஜூர்" சொல்லி எடுத்துக் கொடுத்தார். பால் பையோட வந்த குணசீலன்கிட்ட, வந்து வாங்கிட்டுப் போயிட்டான்னு மட்டும் சொன்னார். அவ்வளவு திட்டிட்டு, நான்தான் சரி பண்ணினேன்னு எப்படிச் சொல்றது?

ஞாயித்துக்கிழமை சாயந்தரம் குணசீலன் வீட்டுல பஜனை. பாதிப் பாட்டுல தெருவே அதிர்ற மாதிரி ஹாரன். எல்லாரும் ஜன்னலுக்குப் போனாங்க.

லாரியில ஒரு மான். கழுத்து தொங்குது.

மச்சினன்க ரேஜான் முதுகுல தட்டறாங்க. மாமனார் கட்டிப்பிடிச்சு ஆட்டறார். பஜனைக்கு வந்த வசந்தகுமாரி கண்ணை மூடிக்கிட்டா.

"எல்லாம் நம்ம குணாவோட கைங்கரியம்" னு நாகு எல்லார் காதுலயும் விழற மாதிரி சொன்னார்.

குணசீலன் அதைக் கேட்ட மாதிரியே தெரியல. "எப்படி... எப்படிப் பட்டுது?" ன்னு மானையே பாத்துக்கிட்டு நின்னார்.

ரேஜான் தனியா படியேறி வந்தார். வில்லை குணசீலன் கையில திருப்பி வெச்சார். கண்ணு ரெண்டும் சிவந்திருந்தது. மாமனார் காதுல விழாம, தாழ்ந்த குரல்ல கேட்டார்.

"போன வருஷம் மாதிரியே இடது பக்கம்தான் போகும், ஒண்ணும் சாகாதுன்னு சொன்னியே, குணா?"