மினுக்கி வீட்டு விருந்தாளி

மீன் ஏலக்கூடத்தில் மழையில் நனைந்து கிடந்த மினுக்கிப் பூனையை, மீன்காரர் மகள் ஜெசிந்தா தூக்கிவந்து வளர்த்தாள். அன்றிலிருந்து மினுக்கிக்கு ராஜபோகம்தான். ஒருநாள் அந்தப் பெண் கடற்கரையிலிருந்து, காலிச் சங்கை முதுகில் வீடாகச் சுமந்து திரியும் ஒரு சங்கு நண்டையும் எடுத்துவந்து, "பாவம், அநாதையா கிடந்துச்சு" என்று பால் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.

"குடி தம்பி, வெட்கப்படாதே" என்று மினுக்கி உபசரித்தது. "இனிமே நமக்கு மழை இல்லை, பசி இல்லை. படுக்கத் துணி மெத்தைகூட உண்டு!"

சங்குக்குள்ளிருந்து ஒரு கொடுக்கு மட்டும் எட்டிப் பார்த்தது. "எனக்குக் கடல் தண்ணி வேணும் அக்கா. சங்கு காய்ஞ்சுபோனா என்னால மூச்சு விட முடியாது."

"அட, எல்லாம் பழகிடும்! நான் பழகலையா?"

மதியத்துக்குள் நண்டின் கொடுக்கு துவண்டு தொங்கிவிட்டது. கூப்பிட்டால் பதில் இல்லை. கடல் தண்ணி வேணும் என்று அது கேட்டது அப்போதுதான் மினுக்கிக்கு உறைத்தது. சங்கைப் பதமாக வாயில் கவ்விக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடி, நுரை தொடும் ஈர மணலில் கொண்டுபோய் வைத்தது.

ஓர் அலை வந்து போனது. அசைவில்லை. இரண்டாவது அலையில் நண்டு கால்களையெல்லாம் நீட்டிக்கொண்டு எழுந்தது.

"உயிரைக் காப்பாத்திட்டே அக்கா!" என்றது. பிறகு மினுக்கியை மேலும் கீழும் பார்த்து உச்சுக் கொட்டியது. "ஐயோ, உன் முதுகில ஒரு வீடுகூட இல்லையே! பெரிய சங்கா ஒண்ணு நான் பார்த்துத் தரேன். என்கூடவே தண்ணிக்குள்ள ஜம்முன்னு இருந்துடு, வா!"

மூன்றாவது அலை வருவதற்குள் மினுக்கி ஓடிப்போய் வீட்டு வாசலில் நின்றது.