பன்றிக்கு முன்னால் நின்ற வரிசை

ராய்ஸ் கையில் பேனாவோடு நின்றான். எதிரே யாரும் இல்லை.

பத்தடி தள்ளி ஒரு பன்றி நின்றது. அதன் முன்னால் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும்.

ஆளுயரத் துணிப் பன்றி. ஹாங்க் என்று பெயர். 'காட்டுப்பன்றிகள்' அணிக்காக ஆடிக் குதித்துக் கூட்டத்தைச் சிரிக்க வைப்பது அதன் வேலை. வாய் திறந்து பேசக் கூடாது, யார் முன்னாலும் தலையைக் கழற்றக் கூடாது. உள்ளே இருப்பது யாரென்று ஆட்டக்காரர்களுக்கே தெரியாது.

ராய்ஸ் அந்த அணியின் குவாட்டர்பேக். பந்தை எறிந்து ஆட்டத்தையே நடத்துகிறவன். ஒரு பன்றியைப் பார்த்து வயிறு எரிகிறது என்று அவன் யாரிடம் போய்ச் சொல்வான்?

ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் மெத்தை வைத்த சுவரைத் தாண்டிப் பச்சை விரிப்பில் இறங்குவார்கள். ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு இடத்தில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். உள்ளரங்க அமெரிக்கக் கால்பந்தில் அதுதான் வழக்கம். அயோவாவின் இந்தச் சின்ன ஊரில் யாருக்கு எவ்வளவு மவுசு என்பதை அந்த வரிசைகளே சொல்லிவிடும்.

முதல் வருடம் ராய்ஸின் வரிசை படிக்கட்டு ஏறி பாப்கார்ன் கடை வரை போனது. கோப்பையை வென்ற அன்று தொப்பியில் போட்டான், மாவுக்கட்டில் போட்டான், ஒரு வழுக்கைத் தலையில்கூடப் போட்டான். கார் வியாபாரி ஒருவர் ஒரு பிக்கப் வண்டியில் அவன் முகத்தைப் பெரிதாக ஒட்டி, அதை அவனுக்கே ஓட்டிக்கொள்ளக் கொடுத்தார்.

மறு வருடம் தோற்க ஆரம்பித்தார்கள். வண்டி திரும்பிப் போயிற்று. அதற்கடுத்த வருடம் சம்பளம் நின்றது. வெளியூர் ஆட்டத்துக்குப் பேருந்து வரவில்லை. போன வியாழக்கிழமை அணியைக் கலைக்கப் போவதாக முதலாளி அறிவித்தார். இந்த ஞாயிறு மதிய ஆட்டம்தான் கடைசி. அதிலும் தோல்வி.

அணி தோற்கத் தோற்க, பன்றியின் வரிசை மட்டும் நீண்டுகொண்டே போனது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வான். அந்த வரிசையில் எப்போதும் முதல் ஆளாக நிற்பது அவன் மகள் டெஸ்ஸா.

ஏழு வயது. ராய்ஸும் ஜொலீனும் பிரிந்த பிறகு தாயோடு இருக்கிறாள். ஆட்ட நாட்களில்தான் அவனால் பார்க்க முடியும். படியிறங்கி ஓடி வருவாள், நேரே பன்றியிடம். அதன் காதில் ஏதோ சொல்லிவிட்டுத் தானே விழுந்து விழுந்து சிரிப்பாள். அப்புறம்தான் அப்பா.

"நீயும் ஒரு வால ஒட்டிக்க, மச்சான். கூட்டம் தானா வரும்," என்றான் பக்கத்தில் நின்ற சக ஆட்டக்காரன் லாமான்ட். அவன் முன்னாலும் யாரும் இல்லை.

தொலைதூர மாநிலமான மொன்டானாவிலிருந்து ஓர் அணி ராய்ஸை அழைத்திருந்தது. அநேகமாகப் போய்விடுவேன் என்று ஜொலீனிடமும் சொல்லியிருந்தான். ஆனால் மனசுக்குள் வேறொரு கணக்கு. இன்றைக்கு, ஒரே ஒரு தடவை, அவள் முதலில் தன்னிடம் வந்துவிட்டால் போகப் போவதில்லை. கிடங்கில் மூட்டை தூக்கியாவது இதே ஊரில், அவள் கண்ணெதிரே கிடப்பான்.

டெஸ்ஸா படியில் தெரிந்தாள். பன்றி கையை ஆட்டியது. அவளும் ஆட்டினாள்.

ஆட்டிவிட்டு ஓடி வந்து ராய்ஸின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அவளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்தான். பன்றியைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தான். கோப்பையை வென்ற அன்றுகூட எதிரணியை அவன் அப்படிப் பார்த்ததில்லை. அவளை இறக்கிவிடாமலே ஃபோனை எடுத்து, மொன்டானாவுக்கு வரவில்லை என்று செய்தி அனுப்பினான்.

விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்த பிறகுதான் அவளை வெளியே கூட்டி வந்தான். நல்ல வெயில். ஜொலீனின் கார் நின்றிருந்தது.

ஓட்டுகிற இடத்தில் ஜொலீன் இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி யாரோ ஒருவன். தலைமுடி வியர்வையில் ஊறி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. ராய்ஸைப் பார்த்ததும், வாய் திறக்காமல், கையை மட்டும் ஆட்டினான்.

பின் இருக்கையில், சீட் பெல்ட் மாட்டியபடி, பன்றித் தலை உட்கார்ந்திருந்தது.

டெஸ்ஸா அதன் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

கதவை விடாமல் பிடித்துக்கொண்டு ராய்ஸ் மெதுவாகக் கேட்டான், இன்றைக்கு மட்டும் ஏன் முதலில் என்னிடம் வந்தாய் என்று.

"ஹாங்க் இனிமே நம்ம வீட்லயேதான் இருப்பார்ப்பா," என்றாள் அவள். "நீங்கதானே ஊருக்குப் போறீங்க."