கேரட் சாற்றின் மகிமை

“அப்ப முட்டி வலி மாத்திரைக்குப் பெரிய கும்பிடு போட்டுட்டீங்களா அண்ணே?”

“அடுப்புக்கும் சேர்த்தே போட்டாச்சு,” என்றேன் மருந்துக் கடைக்காரரிடம். “எல்லாமே பச்சைக் காய்தான். வீட்டுல காலையில குடுக்கற கேரட் சாறு இருக்கே, அதைக் குடிச்சா மாடிப்படியெல்லாம் எனக்குத் தூசு. ஆடு மாதிரி தழையைத் திங்கறேன், ஆட்டுக்குட்டி மாதிரி குதிக்கறேன்.”

அவர் சிரிக்கவில்லை. “அண்ணி வாராவாரம் அதே மாத்திரையை வாங்கிட்டுப் போறாங்களே. பொடிச்சுச் சாறுல கலந்தா கசக்குமான்னுகூடக் கேட்டாங்க. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்.”

வீட்டுக்கு நடந்தேன். முட்டி வலிக்கவில்லை. அதுதான் அவமானமாக இருந்தது. வழியெல்லாம் அவளுக்காக நானே வாதாடினேன். என் முனகலைக் கேட்கப் பொறுக்காமல் செய்திருப்பாள். மாத்திரை என்றால் முகம் சுளிப்பேன் என்று மறைத்திருப்பாள். பாசம்தான், வேறென்ன? படியேறும்போது கோபம் பாதி கரைந்திருந்தது.

கதவைத் திறந்தேன். அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் புதிதாக ஒரு பலகை: ‘அடுப்பில்லா வாழ்வு, வலியில்லா மூட்டு – பயிற்சி வகுப்பு’. அதில் நான் துள்ளிக் குதிக்கும் படம். மேஜைமேல் அவர்கள் கொண்டுவந்த மாத்திரை அட்டைகள் குவிந்து கிடந்தன. பக்கத்தில் குப்பைக் கூடை.

“இதோ, வந்துட்டாரு,” என்று அவள் என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். கைத்தடியை மடியில் வைத்திருந்த ஓர் அம்மா என் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, மாத்திரையைத் தொடாமலே எப்படிக் குணமாச்சுன்னு இவங்களுக்கு உங்க வாயால சொல்லுங்க.”