மிச்சமிருந்த சொல்

“தட்டு காலியா இருந்தா அப்பா சாப்பிட்டார்னு அர்த்தமாடா? உன் பொண்டாட்டி குப்பையில கொட்டிட்டு வந்து கதை சொல்றா.”

அக்கா தொலைபேசியில் பற்றவைத்த நெருப்பு, நடுமதியத்தில் அவனைக் கடையைப் பூட்ட வைத்தது.

பக்கவாதம் அப்பாவுக்கு மிச்சம் வைத்தது ஒரே ஒரு சொல்: ஓகே. வெடுக்கென்று சொன்னால் தண்ணீர். இரட்டித்துச் சொன்னால் கழிப்பறை. இழுத்துச் சொன்னால் வேண்டாம். மருமகளுக்கென்று தனியாக ஒன்று உண்டு. ராகம் போட்டு, ஒரு சின்னச் சிரிப்பில் முடியும். வேறு யாருக்கும் அது கிடைத்ததில்லை.

அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வாரம். அன்றிலிருந்து அவன் ஊட்டப் போனால் இழுத்த ஓகேதான். இப்படியே போனால் மூக்கில் குழாய் போடவேண்டியதுதான் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

“நீங்க இருந்தா சாப்பிட மாட்டார். கதவைச் சாத்திட்டுக் கடைக்குப் போங்க” என்பாள் மனைவி, தினமும்.

வீடு வந்தவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்தைக் கடந்தான். அப்பாவின் அறைக்கதவில் விரல் வைத்தான்.

“ஏங்க, இன்னும் ஒரு வாய். என் கண்ணுல்ல.”

அம்மாவின் குரல்.

பேச்சுக்கு முன்னால் வரும் அந்தச் செருமல்கூட மாறவில்லை.

“சீக்கிரம் முழுங்குங்க. மருமக வந்தா திட்டப்போறா.”

கதவு தானாகவே ஒரு விரல்கடை விலகியது. திரையிட்ட இருட்டு. அப்பா கண்மூடிப் படுத்திருந்தார். அம்மாவின் நாற்காலியில், அம்மாவின் சேலையில், முதுகு காட்டி ஓர் உருவம்.

அது திரும்பியது.

மனைவி.

இதே குரலில் அடுப்படியில் பேசிக் காட்டித்தான் முன்பொரு முறை மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அம்மா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எழுந்து வந்து கிசுகிசுத்தாள். “அத்தைன்னே நம்பிட்டார். நான்தான்னு தெரிஞ்சா சோத்தை விட்டுடுவார். தயவுசெஞ்சு காட்டிக் குடுத்துடாதீங்க.”

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

திரும்பிப் போய்ச் செருமிக்கொண்டாள். “போதுமாங்க?” என்று கேட்டுக்கொண்டே தட்டை வழித்தாள்.

அப்பா கண் திறக்கவில்லை.

“ஓகே” என்றார். ராகம் போட்டு, ஒரு சின்னச் சிரிப்பில் முடித்து.