வீட்டுக்குள் சப்பாத்து

இந்த ஊரோடு இன்னும் ஒட்டவில்லை என்று சொல்லி, குகநேசன், தவமலர் தம்பதியின் குடியுரிமை விண்ணப்பத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் முறை வீடு பார்க்க அதிகாரி வருகிற அன்று, வாசலில் கிடந்த செருப்புகளையெல்லாம் தவமலர் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். புருசனும் பெண்சாதியும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு சோபாவில் காத்திருந்தார்கள்.

"கால் கடுக்குதப்பா. கழட்டட்டே?"

"கொஞ்சம் பொறும். இந்த ஊர்ச் சனங்கள் வீட்டுக்குள்ளயும் சப்பாத்தோடதான் இருப்பினம்," என்றார் குகநேசன். தொலைக்காட்சியில் அப்படித்தான் பார்த்திருந்தார். இங்கே வந்து பத்தொன்பது வருடமாகிறது.

அதிகாரி வந்தார். எல்லா வீட்டிலும் செய்கிறவர்போல வாசலிலேயே குனிந்து, சப்பாத்துகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சாம்பல் நிறக் காலுறையோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். தவமலர் கொடுத்த தேநீரைக் குடித்தார்.

"அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்வருவீர்களா?"

குகநேசன் ஒரு மாதமாகக் கண்ணாடி முன் பதில் சொல்லிப் பழகிய கேள்வி அது.

"அடிக்கடி போவோம். எங்களை உள்ளே கூப்பிடாத வீடே இல்லை."

அதிகாரியின் பேனா நின்றது. அவர் பார்வை மேசைக்குக் கீழே, இருவரின் சப்பாத்துகள் மீது இறங்கியது. தவமலர் கால்களை மெல்லச் சோபாவுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.